ஒன் பீஸ்: 61ஆம் தொகுதியில் ஏறிக்கொள்வது எப்படி

பரிசாகக் கொடுக்க வாங்கிய புத்தகத்தைக் கொடுக்கும் முன்பே பிரித்துப் படிப்பது நல்ல பழக்கம் இல்லை. ஆனாலும் செய்தேன். அண்ணன் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவன் அலமாரியில் ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதை (மங்கா என்பார்கள்) வரிசையாக நிற்கும். நடுவில் 61 மட்டும் இல்லை, பல் விழுந்த இடம் மாதிரி. “அத்தை, பிறந்தநாளுக்கு அந்த ஒண்ணு வாங்கிக் குடுத்தா போதும்” என்றான். வாங்கி வந்த அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் சும்மா புரட்டினேன். முதல் அறுபது பக்கம் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அதற்கப்புறம் இரண்டு மணி வரை கீழே வைக்கவில்லை.

இதைத் தெரிந்தவர்களிடம் சொல்லப்போக, ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்டார்கள்: 110 தொகுதிகளைத் தாண்டிவிட்ட கதைக்குள் இனி எப்படி நுழைவது? “ஒன்றிலிருந்து ஆரம்பி” என்பதுதான் ஊறிய ரசிகர்கள் சொல்லும் பதில். தவறில்லை. ஆனால் 61க்கு வந்து சேரவே ஏறக்குறைய 12,000 பக்கம் ஆகும். வீட்டில் வளர்ந்த பிள்ளை இருக்கிறது, அவன் எதைப் பார்த்து அழுகிறான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற அம்மா அவ்வளவு பக்கம் படிக்க மாட்டார். இந்தக் கட்டுரை அப்படிப்பட்டவர்களுக்கு. யார் சாகிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன். மற்றபடி கொஞ்சம் கதை வெளியே தெரியத்தான் செய்யும்.

எந்த இடத்தில் ஏறுவது

இவ்வளவு நீளமான கதையைக் கரும்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டலாம், ஆனால் கணு இருக்கும் இடத்தில் நட்டால்தான் முளைக்கும். எயிச்சிரோ ஓடா இந்தக் கதையை 1997 ஜூலையில் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடங்கினார். வாரம் ஓர் அத்தியாயம், ஒன்பது பத்து அத்தியாயம் சேர்ந்தால் ஒரு தொகுதி. வார இதழின் ஓட்டத்தில் எழுதுவதால் தொகுதியின் எல்லையும் கதையின் எல்லையும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. ஒரு சண்டையின் நடுவில் தொகுதி முடியும், அழுகையின் நடுவில் அடுத்தது தொடங்கும்.

61 அப்படி இல்லை. இதில் 595 முதல் 603 வரை ஒன்பது அத்தியாயங்கள். முதல் மூன்றும் பழைய கதையின் கணக்கை முடித்து வைக்கின்றன. நான்காவதாக வரும் 598இன் தலைப்பே ‘இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு’. ஜப்பானில் வார இதழ் வாசகர்கள் 2010 ஆகஸ்டு கடைசியில் 597ஐப் படித்துவிட்டு, ஓடா எடுத்துக்கொண்ட நான்கு வார விடுப்பு முடிந்து அக்டோபரில்தான் 598ஐப் பார்த்தார்கள். நமக்கு ஒரு தாளைத் திருப்பினால் போதும்.

இது புதுத் தொடக்கம் என்பதை ஓடாவே சொல்லிவிடுகிறார். கதையின் முதல் அத்தியாயத்துக்குப் பெயர் ‘ரொமான்ஸ் டான்’. 601ஆம் அத்தியாயத்துக்கு அதே பெயரோடு ‘புதிய உலகத்துக்காக’ என்று சேர்த்து வைத்திருக்கிறார். 61ஆம் தொகுதியின் தலைப்பும் அதுதான். முதல் தொகுதியின் அட்டையில் சின்னப் படகில் மூன்று பேர் இருப்பார்கள். 61இன் அட்டை அதையே மறுபடி வரைந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்யாண ஃபோட்டோவையும் அறுபதாம் கல்யாண ஃபோட்டோவையும் சேர்த்துப் பார்ப்பது போல இருக்கும்.

வேறு கணுக்களும் உண்டு. வானோ நாட்டுக் கதை 90ஆம் தொகுதியின் கடைசிப் பகுதியில் தொடங்குகிறது. 105இல் எக்ஹெட் என்ற தீவுக்குக் கப்பல் திரும்புகிறது, கதையின் இறுதிக் கட்டமும் அதை ஒட்டித்தான் ஆரம்பம். ஆனால் அங்கே ஏறினால் தெரியாத பெயர்கள் மேலும் முப்பது நாற்பது சேரும். கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்க வேண்டியது 70 முதல் 80 வரை ஓடும் டிரெஸ்ரோசா கதையின் நடுப்பகுதி. ஒரே நேரத்தில் ஏழெட்டு இடங்களில் அடிதடி நடக்கும். முதலிலிருந்து படித்து வந்தவர்களே யார் எங்கே நிற்கிறார் என்று குழம்புவார்கள். 56லிருந்து 59 வரை வரும் போர்தான் இந்தக் கதையின் உச்சம் என்று பலரும் சொல்வார்கள். உச்சம்தான், அதற்காக அங்கே ஏறாதீர்கள். தெரியாத வீட்டுச் சாவுக்குப் போய் நிற்பது போல இருக்கும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை

இங்கே கிடைப்பது பெரும்பாலும் விஸ் நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பு. அது இரண்டு வடிவில் வருகிறது: தனித்தனித் தொகுதி, மூன்று தொகுதிகளை ஒன்றாகக் கட்டியது. 61, 62, 63 மூன்றும் சேர்ந்த கட்டு 21ஆம் எண். கடையில் வெறுமனே “21” என்று கேட்டால் தனித்தொகுதி 21ஐ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது அரபாஸ்டா பாலைவனத்தில் நடக்கும் சண்டை, உங்களுக்குச் சம்பந்தமே இல்லை. முதுகில் ‘61-62-63’ என்று இருக்கிறதா பாருங்கள். இணையத்தில் வாங்கினால் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று சேர்ந்த கட்டு விலையில் லாபம். ஒரு சின்னக் குறை, இரண்டு பக்கமும் சேர்ந்து விரியும் பெரிய படங்களின் நடுப்பகுதி தடித்த முதுகுக்குள் போய்விடும். தனித்தொகுதியில் அந்தத் தொல்லை குறைவு. ஃபோனில் படிப்பவர்களுக்கு ஷோனென் ஜம்ப் செயலியும், ஷூயிஷா நிறுவனமே நடத்தும் மங்கா பிளஸ் செயலியும் இருக்கின்றன. பெரிய படம் வரும்போது ஃபோனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள்.

வலமிருந்து இடம்

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். எந்தப் புத்தகத்தையும் திறப்பது போலத் திறந்தேன். ‘நீங்கள் தவறான திசையில் படிக்கிறீர்கள்’ என்று ஓர் அறிவிப்புப் பக்கம். காலையில் அண்ணன் மகனிடம் சொன்னபோது, “பின்னாடியிலேர்ந்தா ஆரம்பிச்சீங்க அத்தை?” என்று ஒரு சிரிப்பு சிரித்தான் பாருங்கள்.

நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் முன்னட்டை. முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த கண் தானாக இடப்பக்க மேல்மூலைக்குப் போகும். அதை இழுத்து வலப்பக்க மேல்மூலையில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து இடப்பக்கம், பிறகு கீழ்வரிசையின் வலப்பக்கம். கட்டத்துக்குள் இருக்கும் பேச்சுக் குமிழிகளுக்கும் இதே வரிசைதான், அதை மறந்தால் பதிலை முதலில் படித்துக் கேள்வியை அப்புறம் படிப்பீர்கள். வலப்பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகவும், இடப்பக்கத்தில் ஒரே உயரமான கட்டமும் இருந்தால், வலப்பக்கத்து இரண்டையும் முடித்துவிட்டு உயரமான கட்டத்துக்குப் போங்கள். இருபது பக்கம் சிரமமாக இருக்கும். அதற்குப் பிறகு கை பழகிவிடும்.

இன்னொன்று. கட்டங்களுக்கு இடையே இருக்கும் வெள்ளைச் சந்து திடீரென்று கறுப்பாக மாறினால் நீங்கள் பழைய நினைவுக்குள் போய்விட்டீர்கள் என்று பொருள். சந்து திரும்ப வெள்ளையானால் நிகழ்காலம். இது தெரியாமல், உயிரோடு இல்லாத ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்று நான் மண்டையைக் குழப்பிக்கொண்டேன்.

படிக்குமுன் தெரிந்திருக்க வேண்டியது

அதிகம் இல்லை. இணையத்தில் கதைச்சுருக்கம் தேடிப் படிக்காதீர்கள். அறுபது தொகுதியை ஆறு பத்தியில் படித்தால் பெயர்கள்தான் மனதில் தங்கும், ஆட்கள் தங்க மாட்டார்கள். கீழே இருப்பது போதும்.

மங்கி டி. லூஃபி என்ற பையன் டெவில் ஃப்ரூட் என்ற ஒரு விநோதப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டதால் உடம்பு ரப்பர் மாதிரி இழுபடும். அதைத் தின்றவர் யாராக இருந்தாலும் நீச்சல் போய்விடும். கடல்கதையின் நாயகனுக்கு நீந்தத் தெரியாது! சின்ன வயதில் ஷேங்ஸ் என்ற கடற்கொள்ளையர் தன் வைக்கோல் தொப்பியை அவனிடம் கொடுத்து, பெரிய ஆளாகி வந்து திருப்பிக் கொடு என்றார். கடற்கொள்ளையர்களின் ராஜா ஆவதுதான் அவன் ஆசை. அவனோடு எட்டுப் பேர்: வாள்வீரன் சோரோ, வழிகாட்டி நாமி, குறிபார்த்து அடிக்கும் உசோப், சமையல்காரன் சஞ்சி, கலைமான் வைத்தியன் சாப்பர், வரலாறு தேடும் ராபின், கப்பல் தச்சன் ஃபிராங்கி, எலும்புக்கூடாக இருக்கும் இசைக்காரன் புரூக். விஸ் பதிப்பில் சோரோவின் பெயர் ‘சோலோ’ என்றிருக்கும். வேறு யாரோ என்று நினைத்துவிட வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் உலக அரசாங்கமும் அதன் கடற்படையும். அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஏழு கடற்கொள்ளையர்கள் தனி. கடலின் பின்பாதியை, ‘புதிய உலகம்’ என்று சொல்வார்கள், நான்கு பேரரசர்கள் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். லூஃபியின் கூட்டம் முன்பாதியைக் கடந்து, அந்தப் பின்பாதியின் வாசலில் இருக்கும் சபாவோடி தீவுகளுக்கு வந்தபோது அடிவாங்கிச் சிதறியது. ஒன்பது பேரும் ஒன்பது மூலைக்குத் தூக்கி எறியப்பட்டார்கள். மூன்று நாளில் மறுபடி கூடுவதாகப் பேச்சு. கூட முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கூடுகிறார்கள். 61 அந்தக் கூடல்தான்.

அவ்வளவுதான். தொகுதியின் தொடக்கத்தில் ஆட்களின் முகங்களோடு இதுவரை நடந்த கதையும் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். பஸ் டிக்கெட்டைச் செருகினாலும் போதும். அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் ஏமாந்த கதை

598ஆம் அத்தியாயம். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சபாவோடியில் ‘வைக்கோல் தொப்பி லூஃபி’ ஆள் சேர்க்கிறான் என்று பேச்சு. ஒரு குடிக்கடையில் தொப்பி போட்ட ஒரு பருத்த ஆள் உட்கார்ந்து எல்லாரையும் மிரட்டுகிறான். கூடவே அவன் கூட்டம். நான் நினைத்தேன்: இரண்டு வருஷத்தில் பையன் உடம்பு வைத்துவிட்டான், குணமும் கெட்டுவிட்டது, பாவம். பத்துப் பதினைந்து பக்கம் அந்த ஆளை லூஃபி என்றே நம்பிப் படித்தேன். ஒரு பெண்ணை அந்தக் கூட்டம் வம்புக்கு இழுக்கிறது. அந்தப் பெண்தான் நாமி என்று தெரிந்தபோதுதான் உறைத்தது. இவர்கள் போலிகள்! உண்மையானவர்கள் செத்துவிட்டதாக ஊர் நம்பிக்கொண்டிருக்க, அந்தப் பெயரைத் திருடி ஆள் சேர்க்கிறார்கள்.

முதலிலிருந்து படித்தவர்களுக்கு முதல் கட்டத்திலேயே சிரிப்பு வந்துவிடும். நடுவில் ஏறிய எனக்கு ஏமாற்றமும் அதற்கப்புறம் நிம்மதியும் வந்தன. எது மேல் என்று கேட்டால், என்னுடையதுதான் என்பேன். சபாவோடியில் அந்தப் போலிகளைப் பார்த்து ஏமாந்த கடற்கொள்ளையர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அவர்கள் வரிசையில் நானும் நின்றேன். நடுவில் ஏறுபவருக்கு மட்டும் கிடைக்கும் வாசிப்பு அது. உங்களுக்கு இப்போது நான் சொல்லிக் கெடுத்துவிட்டேன், மன்னிக்கவும். பரவாயில்லை, உண்மையான லூஃபி எப்படி வந்து சேர்கிறான் என்பது மிச்சமிருக்கிறது. முதுகில் தன்னைவிடப் பெரிய சாப்பாட்டு மூட்டை.

பாக்கிக் கணக்கு

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பின்வரும் தொகுதிகளைப் படிக்கும்போது புதியவர்கள் சோர்ந்து போவதற்குக் காரணம் தெரியாத பெயர்கள் அல்ல. ஒரு சாதாரணக் காட்சி முழுப்பக்கத்துக்கு விரிந்து நிற்கும், எல்லாரும் வாயைப் பிளந்திருப்பார்கள், உங்களுக்கு மட்டும் ஒன்றும் தோன்றாது. விருந்தில் எல்லாரும் சிரிக்க, எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது போல. புத்தகத்தை மூடிவிடத் தோன்றும்.

மூடாதீர்கள். படத்தின் அளவுக்கும் உங்களுக்குப் புரிந்த அளவுக்கும் ஒட்டவில்லை என்றால் அங்கே பழைய பாக்கி ஒன்று வசூலாகிறது என்று அர்த்தம். எங்கோ முப்பது நாற்பது அத்தியாயத்துக்கு முன்னால், சில சமயம் முந்நூறு அத்தியாயத்துக்கு முன்னால், ஒரு கடன் வாங்கியிருக்கிறார் ஓடா. இந்தப் பக்கத்தில் வட்டியோடு கொடுக்கிறார். ஒரு சின்ன நோட்டு எடுத்து அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு மேலே போங்கள். உடனே தேடாதீர்கள், தொகுதி முடிந்தபின் தேடலாம்.

என் நோட்டில் 61க்கு விழுந்த முதல் பாக்கியைச் சொல்கிறேன். லூஃபியின் எதிரே ஓர் இயந்திர மனிதன் வந்து நிற்கிறான். மலை மாதிரி உருவம், வாயிலிருந்து ஒளிக்கதிர் பாயும். பசிஃபிஸ்டா என்று பெயர். லூஃபி ஒரு குத்து விடுகிறான். ஒன்றே ஒன்று. இயந்திரம் விழுகிறது. இன்னொன்றை சோரோவும் சஞ்சியும் சேர்ந்து ஒரே மூச்சில் முடிக்கிறார்கள், முடித்த கையோடு யார் முடித்தது என்று சண்டை வேறு. எனக்கு என்ன தோன்றியது? நாயகன் அடித்தான், வில்லன் விழுந்தான், சரி. ஆனால் அந்தப் பக்கங்களின் தோரணை அப்படி இல்லை.

பிறகு அண்ணன் மகனின் அலமாரியிலிருந்து 52ஆம் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். அதே தீவு. அதே இயந்திரத்தில் ஒன்று. ஒன்பது பேரும் சேர்ந்து, இருக்கிற வித்தையெல்லாம் இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு அந்த ஒன்றே ஒன்றை வீழ்த்துகிறார்கள். தரையில் கிடக்கிறார்கள், எழ முடியவில்லை. அப்போது இன்னொன்று வருகிறது. 53இன் முதல் அத்தியாயமான 513இல் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கூட்டாளி ஒருவரையாவது காப்பாற்ற முடியவில்லையே என்று தலைவன் தரையில் விழுந்து கதறுகிறான்.

அதைப் படித்துவிட்டுத் திரும்ப 61க்கு வந்து அந்த ஒற்றைக் குத்தைப் பார்த்தேன். வேறு பக்கம் மாதிரி இருந்தது. கோடு ஒன்றும் மாறவில்லை, அதே மசிதான்.

இரண்டாவது பாக்கி ரேலி என்ற கிழவர் பற்றியது. கடற்கொள்ளையர்களின் ராஜாவாக இருந்த ரோஜரின் கப்பலில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர், இந்த இரண்டு வருஷத்தில் லூஃபிக்குப் பயிற்சி கொடுத்தவர். கப்பல் கிளம்பும் நேரம் துரத்தி வரும் கடற்படைக்கு முன்னால் தரையில் ஒரு கோடு கிழித்து, இதைத் தாண்டாதீர்கள் என்கிறார். அவ்வளவுதான் செய்கிறார். ஒருவரும் தாண்டவில்லை. யார் இந்த ஆள் என்று எனக்குத் தெரியாமலேயே கை புல்லரித்தது. எல்லாப் பாக்கிக்கும் பழைய தொகுதி தேவைப்படாது போல.

ஒரு விஷயம் கவனியுங்கள், லூஃபி மனதுக்குள் என்ன நினைக்கிறான் என்று காட்டும் குமிழியைத் தேடினால் கிடைக்காது. நினைத்ததைச் சொல்வான், இல்லாவிட்டால் செய்வான். ஆகவே அவன் பேசாமல் நிற்கும் கட்டங்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். பாக்கிகள் பெரும்பாலும் அந்த மாதிரி கட்டங்களில்தான் இருக்கின்றன.

ஹாகி, பரிசுத்தொகை முதலிய சங்கதிகள்

ஹாகி என்றால் மட்டையும் பந்தும் இல்லை. மனவலிமையை ஆயுதமாக்குவது. மூன்று வகை: எதிரி அசைவதை முன்கூட்டி உணர்வது, உடம்பைக் கவசம் போல் இறுக்குவது, பார்வையாலேயே எதிரியை மயங்கி விழவைப்பது. மூன்றாவது சிலருக்குத்தான் பிறவியில் வரும். இதையெல்லாம் 597இல் ரேலியே லூஃபிக்கு உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறார், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். 61 ஏற நல்ல இடம் என்று நான் சொல்வதற்கு இது பெரிய காரணம். அறுபது தொகுதி படித்தவரும் இந்தப் பாடத்தை இங்கேதான் ஒழுங்காகப் படிக்கிறார்.

அரசாங்கம் ஒருவரின் தலைக்கு வைக்கும் பரிசுத்தொகையை அவருடைய மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். லூஃபிக்கு முதலில் விழுந்தது 3 கோடி பெர்ரி. பத்துக் கோடி, முப்பது கோடி என்று ஏறி, இந்தத் தொகுதியின்போது 40 கோடி. பெர்ரிக்கு நம் காசில் எவ்வளவு என்று மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. ஒருவரை ஒருவர் ஒப்பிட மட்டும் பயன்படும்.

அதே 597இன் தலைப்பு ‘3டி2ஒய்’. லூஃபியின் கையில் இந்த எழுத்து இருக்கும், முதல் பாதி அடிக்கப்பட்டிருக்கும். மூன்று நாள் என்பதை அடித்துவிட்டு இரண்டு வருஷம் என்று எழுதியிருக்கிறான். நாளிதழில் அந்தப் படம் வர, உலகின் எட்டு மூலையிலும் அதைப் பார்க்கிற எட்டுப் பேருக்கும் செய்தி போய்விடுகிறது. கடற்படைக்கு ஒன்றும் புரிவதில்லை. இதை விளக்கிவிட்டேன் என்று என் மேல் ரசிகர்கள் கோபப்படலாம், ஆனால் ஆங்கில எழுத்தில் இருக்கும் இந்த ஒரு குறிப்பைப் பிடிக்காவிட்டால் தொகுதியின் முதல் பாதி கையை விட்டு நழுவிவிடும்.

தாண்டிவிடக் கூடாத பக்கங்கள்

ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு தலைப்புப் பக்கம் உண்டு. சும்மா அலங்காரம் என்று திருப்பிவிடாதீர்கள். பல தொகுதிகளில் அந்தத் தலைப்புப் படங்களே வாரம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குட்டிக் கதையைச் சொல்லும். வானத்துத் தீவில் தோற்றுப்போன எனெல் என்ற வில்லன் நிலாவுக்குப் போனான். அங்கே என்ன ஆனான் என்பது முழுவதும் தலைப்புப் பக்கங்களில் மட்டுமே வந்தது. அனிமே, அதாவது இதே கதையின் கார்ட்டூன் தொடரை, மட்டும் பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் பலர் விழிப்பார்கள்.

அத்தியாயங்களுக்கு நடுவே எஸ்.பி.எஸ். என்று கேள்வி-பதில் பக்கங்கள் வரும். வாசகர்கள் எதையாவது கேட்பார்கள், ஓடா எதையாவது சொல்வார். இந்தப் பாத்திரங்கள் நம் உலகத்தில் பிறந்திருந்தால் எந்த நாட்டுக்காரர்கள் என்று ஒருவர் கேட்க, லூஃபி பிரேசில், சோரோ ஜப்பான், சஞ்சி பிரான்ஸ், ராபின் ரஷ்யா என்று பட்டியல் போட்டார். பிறந்தநாள்களும் இங்கேதான் முடிவாயின. நாமிக்கு ஜூலை 3. ஜப்பானிய மொழியில் 7ஐ ‘நா’ என்றும் 3ஐ ‘மி’ என்றும் சொல்லலாம் என்பதால். கதை முற்றி நிற்கும் இடத்தில் இந்தப் பக்கம் குறுக்கே வந்தால் சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்குக் கூத்தில் கட்டியங்காரன் வந்து போவது மாதிரி இருந்தது.

61 முடிந்ததும்

கப்பல் ஒரு பெரிய நீர்க்குமிழிக்குள் மூழ்கிக் கடலுக்கடியில் 10,000 மீட்டரில் இருக்கும் மீன்மனிதர் தீவை நோக்கி இறங்கும்போது தொகுதி முடிகிறது. அந்தத் தீவின் கதை 66 வரை போகும். உடனே 62ஐ எடுக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் நோட்டைப் பாருங்கள். 52இன் பின்பாதியும் 53இன் முதல் அத்தியாயமும் கட்டாயம். அப்புறம் 9ஆம் தொகுதி. அதன் கடைசி அத்தியாயம், 81, கிடைத்தால் அதை மட்டுமாவது படியுங்கள். மீன்மனிதன் ஆர்லாங் தன் தோளில் குத்திய பச்சையைக் கத்தியால் குத்திக்கொண்டு நாமி அழுகிறாள், உதவி செய் என்கிறாள். லூஃபி ஒன்றும் கேட்கவில்லை, தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைக்கிறான். 2023இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரின் முதல் பருவத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். அவர்களுக்கு இந்தப் படி மிச்சம். இப்போது அதே நாமி ஆர்லாங்கின் சொந்தத் தீவுக்கு இறங்கிப் போகிறாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு 62ஐத் திறங்கள்.

அனிமேயில் தொடர நினைப்பவர்களுக்கு: இரண்டு வருஷத்துக்குப் பிந்தைய கதை 517ஆம் எபிசோடில் தொடங்குகிறது. ஆனால் அதன் நடை மெதுவானது, மங்காவில் மூன்று கட்டத்தில் முடிவது அங்கே ஐந்து நிமிடம் ஓடும். நான் இரண்டு எபிசோடோடு நிறுத்திக்கொண்டேன்.

59ஆம் தொகுதியைத் தற்செயலாகக் கூட அலமாரியில் தேடாதீர்கள். அதன் முதுகில் இருக்கும் தலைப்பே யார் சாகிறார் என்று சொல்லிவிடும். அண்ணன் மகன் அந்த ஒன்றை மட்டும் முதுகு உள்ளே போகும்படி திருப்பி வைத்திருக்கிறான். ஏன்டா என்று கேட்டேன். “நீங்க வரிசையா படிச்சு அங்க வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும் அத்தை” என்றான். இப்போது நான் 14இல் இருக்கிறேன்.